கோணல் கிண்ணம், அதுவும் ஒழுகும் கிண்ணம்: ஏமாந்துவிட்டேனா?

கோணல்மாணல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாகோயாவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் நானும் மனைவியும் கியோத்தோ போயிருந்தோம். கோயில் கோயிலாகச் சுற்றிய களைப்பில் ஒரு சின்னப் பாத்திரக் கடைக்குள் நுழைந்தோம். வெளியே வரும்போது கையில் ஒரு ஹாகி (ஹாகி ஊர் மண்பாண்டம்) தேநீர்க் கிண்ணம். விலை 18,000 யென். கடையில் அதைக் கையில் எடுத்தவுடன் கீழே வைக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான் காரணம்.

தெருவுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "இது கை தவறி இப்படி ஆனதா, இல்லை வேண்டுமென்றே செய்ததா?" விளிம்பு ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது. வெள்ளைக் கிளேஸ் (கண்ணாடி மாதிரிப் பூச்சு) பாதி வழியில் நின்றுவிட்டது, அதற்குக் கீழே மண் அப்படியே தெரிகிறது. என்னிடம் பதில் இல்லை.

வீட்டில் மாச்சா (பச்சைத் தேயிலைப் பொடி) கலக்கிக் குடித்துவிட்டு, மிச்சத்தோடு மேசை மேல் வைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் தூக்கினால் அடியில் வட்டமாக ஈரம், மேசை விரிப்பில் பச்சைக் கறை. வெறும் தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். இருபது நிமிஷத்தில் அடி வியர்த்துவிட்டது. கடைக்குப் போன் போட்டால் அந்தம்மா சிரித்துக்கொண்டே "ஹாகி அப்படித்தான்" என்கிறார். திருப்பிக் கொடுக்கவும் கூச்சமாக இருக்கிறது.

இது பழுதான சரக்கா? அப்படியில்லை என்றால், கோணலும் ஒழுகலுமாக இருக்கும் ஒன்றை ஜப்பானியர் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஏமாந்துவிட்டீர்கள் நண்பரே. ஒழுகினால் அதற்குப் பெயர் ஓட்டைச் சட்டி. அதை ஒரு மரப்பெட்டியில் வைத்து, பெட்டி மேல் தூரிகையால் நாலு எழுத்து எழுதி, கயிறு கட்டிக் கொடுத்தால் 18,000 யென். பெட்டி கொடுத்தார்களா?

கோணல்மாணல் எழுதியது:

கொடுத்தார்கள். எழுத்தும் இருக்கிறது, கயிறும் இருக்கிறது. :(

கமோ நதிக்கரை எழுதியது:

பதினோரு வருஷமாகக் கியோத்தோவில் இருக்கிறேன், ஒன்பது வருஷமாகத் தேநீர் வகுப்புக்குப் போகிறேன். பழுது இல்லை, பயப்படாதீர்கள் தம்பி. முதலில் ஒழுகலைச் சரிசெய்வோம், தத்துவத்தை அப்புறம் பார்க்கலாம்.

(ஒரு சின்ன விஷயம். இந்தக் கிண்ணத்துக்கு ஜப்பானியப் பெயரைத் தமிழில் எழுதினால் "சாவான்" என்று வருகிறது. 'சா' என்றால் தேநீர், 'வான்' என்றால் கிண்ணம். ஆனால் நம் காதுக்கு அது சாபம் மாதிரி கேட்கிறது. அதனால் கிண்ணம் என்றே எழுதுகிறேன்.)

ஹாகி களிமண் சொரசொரப்பானது. தைதோ என்ற மண்தான் அதற்கு அடிப்படை, மணல் கலந்த வெளிர் மண். மண் முழுசாக இறுகுகிற அளவுக்குச் சுடுவதில்லை. மேலே இருக்கும் கிளேஸ் ஆறும்போது மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால் மயிரிழை விரிசல் விழும். கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், வலை மாதிரி தெரியும். தேநீர் அந்த விரிசல் வழியாக மண்ணுக்குள் இறங்கும். வருஷக்கணக்கில் அது அங்கேயே தங்கி நிறம் மாறும். "ஹாகியின் ஏழு மாற்றம்" என்று இதைத்தான் சொல்கிறார்கள். வெள்ளையாக வாங்கிய கிண்ணம் பத்து வருஷத்தில் பழுத்த இலை நிறத்துக்கு வந்துவிடும்.

ஒழுகலை நிறுத்த: ஒரு பெரிய பாத்திரத்தில் துணி விரித்து அதன் மேல் கிண்ணத்தை வையுங்கள். அரிசி களைந்த தண்ணீரை, முதல் களைச்சல், கெட்டியாக இருப்பது, கிண்ணம் முழுகும்வரை ஊற்றுங்கள். சின்னத் தீயில் சூடாக்கி, லேசாகக் கொதிக்கும் நிலையில் இருபது முப்பது நிமிஷம் விட்டு, அடுப்பை அணைத்து அப்படியே ஆறவிடுங்கள். சூட்டோடு எடுக்கவே கூடாது. கழுவி நிழலில் இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். பெட்டிக்குள் ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடித்து நாறும், அதற்கு மருந்து கிடையாது. ஒரு தடவையில் நிற்காவிட்டால் மறுபடி செய்யுங்கள். மாவுச்சத்து துளைகளை அடைக்கும், அவ்வளவுதான் சூட்சுமம்.

இன்னொன்று, ஒவ்வொரு முறையும் குடிப்பதற்கு முன்னால் கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். மண் தண்ணீரைக் குடித்துவிட்டால் தேநீரைக் குடிக்காது.

கோணல்மாணல் எழுதியது:

அக்கா, இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "புது மண்சட்டி வாங்கினா பழக்காம அடுப்புல வைப்பியா? களனித் தண்ணியும் கஞ்சியும் ஊத்தித்தானே பழக்குவோம், இதுக்குப் போயி ஜப்பான்ல ஒரு அக்கா சொல்லணுமா" என்று திட்டினாள். இன்று முதல் கொதி. முடிவைச் சொல்கிறேன்.

சூளைப்புகை எழுதியது:

வணக்கம். டொராண்டோவில் இருந்து. பொழுதுபோக்காக மண் வேலை செய்கிறேன், பத்து வருஷமாகிறது. "முதலாவது ராக்கு, இரண்டாவது ஹாகி, மூன்றாவது கராட்சு" என்று தேநீர்க்காரர்கள் கிண்ணங்களை வரிசைப்படுத்துவார்கள். அதனால் கோணல்மாணல் வாங்கியது இரண்டாம் இடத்துச் சாமான், கவலை வேண்டாம். (ராக்கு என்று 'க்' போட்டுத்தான் எழுத வேண்டும். போடாவிட்டால் கேது எங்கே என்று கேட்பார்கள்.)

ராக்கு நானே பலமுறை சுட்டிருக்கிறேன். கிண்ணம் சிவக்கச் சிவக்க இருக்கும்போதே இடுக்கியால் எடுத்து, மரத்தூள் போட்ட தகர டப்பாவுக்குள் இறக்கி மூடிவிட வேண்டும். குபீரென்று தீப்பிடிக்கும். உள்ளே புகை சூழ்ந்து கிளேஸ் செம்பு நிறத்தில் மின்னும், விரிசலெல்லாம் கரிக்கோடாக எழும்பும். சரியான வடிவாக இருக்கும். ஆனால் அதில் தேத்தண்ணி குடிக்கக் கூடாது. கிளேஸில் உள்ளது சாப்பாட்டுக்கு ஆகாது.

கமோ நதிக்கரை எழுதியது:

சூளைப்புகை அண்ணா, நீங்கள் சொல்வது அமெரிக்க ராக்கு. 1960-இல் பால் சோல்ட்னர் என்ற அமெரிக்கக் குயவர் தொடங்கி வைத்த முறை. சூளையிலிருந்து சூடாக எடுப்பது மட்டும்தான் பொது. மரத்தூளும் மின்னலும் கியோத்தோவில் கிடையாது.

இங்கே ராக்கு என்பது ஒரே ஒரு குடும்பம். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோஜிரோ என்பவர் தொடங்கினார். கூரை ஓடும் கூரை முகட்டுச் சிங்கமும் செய்தவர், அவர் தகப்பனார் சீனாவிலிருந்து வந்தவர் என்பார்கள். இப்போது நடப்பது 16-ஆவது தலைமுறை. 2019-இல் பொறுப்பேற்றார்.

சக்கரமே கிடையாது. மண்ணை உள்ளங்கையில் தட்டிச் சப்பையாக்கி, இரண்டு கையாலும் ஓரத்தை மேலே மேலே எழுப்புவார்கள். கொஞ்சம் காய்ந்ததும் கத்தியால் சுரண்டிச் சுரண்டி உள்ளும் புறமும் எடுத்து வடிவம் கொண்டுவருவார்கள். அதாவது கிண்ணத்தின் வடிவம் முதலில் கைக்குழியின் வடிவம். கறுப்பு ராக்குக்குக் கிளேஸ் கமோ நதிக் கல்லிலிருந்து. கல்லைப் பொடித்து, பூசிக் காயவைத்து, திரும்பத் திரும்பப் பூசுவார்கள். பிறகு ஒரு சின்னச் சூளை, கரி, துருத்தி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கிண்ணம். சுமார் 1,200 டிகிரி சூட்டில் கிளேஸ் உருகி ஓடும் நேரத்தில் இடுக்கியால் கவ்வி வெளியே எடுத்துவிடுவார்கள். சட்டென்று ஆறுவதால்தான் அந்தக் கறுப்பு. இடுக்கி பிடித்த தடம் கிண்ணத்தில் அப்படியே இருக்கும், அதை யாரும் மறைப்பதில்லை.

ராக்கு அருங்காட்சியகத்தில் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். நான் ஒருமுறை போயிருக்கிறேன். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிவிட வேண்டும். பாயில் உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, பாய்க்கு ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்காமல் பார்க்க வேண்டும். விழுந்தாலும் பாயில்தான் விழும்.

அந்தக் கறுப்புக் கிண்ணத்தை எடுத்ததும் முதலில் திடுக்கிட்டது எடைதான். பார்க்கக் கருங்கல் மாதிரி இருந்தது, தூக்கினால் கொய்யாப்பழம் அளவுகூட இல்லை என்று கை சொன்னது. கை கனத்துக்குத் தயாராகிப் போனதால் கிண்ணம் தானாக எழும்பின மாதிரி ஆகிவிட்டது. விளிம்பு ஒரே மட்டமாக இல்லை. மெல்ல ஏறி இறங்குகிறது, மலைத்தொடர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். உதடு வைக்கிற இடம் சற்றே தாழ்ந்திருக்கும். உள்ளே அடியில் ஒரு சின்னக் குழி, கடைசி மடக்கு தேநீர் வந்து தங்குவதற்கு. சுவர் மென்மையாக உள்பக்கம் சாய்ந்திருக்கும், அதனால் தேநீர் கலக்கும் மூங்கில் மத்து வெளியே வழுக்காது.

தம்பியின் மனைவி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: நல்ல கிண்ணத்தில் கோணல் என்று நாம் பார்க்கிற இடம் ஒவ்வொன்றிலும் ஒரு விரலோ உதடோ மத்தோ வந்து உட்காரும். உட்காராத கோணலும் சந்தையில் நிறைய விற்கிறது, அது வெறும் கோணல்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அழகாகச் சொன்னீர்கள் அம்மா. ஆனால் சாதாரணப் பீங்கான் கோப்பையிலும் தேநீர் குடிக்கலாமே? சூடு பொறுக்காவிட்டால் கைப்பிடி வைத்தால் போச்சு.

கமோ நதிக்கரை எழுதியது:

கைப்பிடி வைத்தால் கிண்ணத்தைத் தொடவே மாட்டீர்கள். அதுதான் பிரச்சினை.

மெல்லிய பீங்கானில் கெட்டித் தேநீர் ஊற்றிப் பாருங்கள். கை சுடும், ஆனால் தேநீர் சீக்கிரம் ஆறிவிடும். ராக்குவில் நேர்மாறு. நுண்துளை நிறைந்த தடித்த சுவர், சூட்டை மெதுவாக விடும். கைக்கு இளஞ்சூடு, உள்ளே நல்ல சூடு. 'கொய்ச்சா' என்கிற கெட்டித் தேநீரை ஒரே கிண்ணத்தில் கலந்து மூன்று நான்கு பேர் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். ஆளுக்குச் சுமார் 4 கிராம் பொடி. நம் ஊர்க் கேழ்வரகுக் கூழ் பதத்துக்கு இருக்கும், நுரை வராது. கடைசி ஆள் குடிக்கும்வரை சூடு நிற்க வேண்டும். ராக்கு அதற்காகவே பிறந்தது. நாம் கஃபேயில் பார்க்கிற நுரைத்த பச்சை, 'உசுச்சா', மெல்லிய வகை. அதற்கு 2 கிராம் போதும், ஹாகியே பொருத்தம். அந்தப் பச்சை வெளிர் நிறக் கிண்ணத்தில்தான் எடுபடும்.

பருவத்துக்கும் கிண்ணம் மாறும். கோடையில் தட்டு மாதிரி அகன்று தாழ்ந்த கிண்ணம், சீக்கிரம் ஆறட்டும் என்று. கடும் குளிரில் குழாய் மாதிரி ஒடுங்கி உயர்ந்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரி, பயனை ஒப்புக்கொள்கிறேன். விலையை ஒப்புக்கொள்ள மாட்டேன். எளிமை, ஏழ்மை, 'வாபி' என்கிறார்கள். இதையெல்லாம் பேசியது யார்? தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ. அவர் சக்காய் துறைமுக வணிகக் குடும்பம். அவருக்குப் படியளந்தவர் நாட்டையே ஆண்ட ஹிதேயோஷி. 1586-இல் சுவர் முழுக்கத் தங்கம் ஒட்டிய தேநீர் அறையைக் கட்டிப் பேரரசருக்குக் காட்டியவர் அந்த மனிதர். கூழுக்கு வழியில்லாதவன் மண் கிண்ணத்தில் குடித்தால் அது வறுமை, கோடீஸ்வரன் குடித்தால் அது அழகியலா?

கமோ நதிக்கரை எழுதியது:

நல்ல அடி. இதற்கு மழுப்பிப் பதில் சொல்ல மாட்டேன்.

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. ரிக்யூவை 1591-இல் ஹிதேயோஷி வயிற்றைக் கிழித்துச் சாகச் சொன்னபோது, வெளியே பேசப்பட்ட குற்றங்கள் இரண்டு. தைதொகு-ஜி கோயில் வாயில் மாடத்தில் தன் சிலையை வைக்க விட்டார் என்பது ஒன்று. தேநீர்ச் சாமான்களை அநியாய விலைக்கு விற்றார் என்பது இன்னொன்று. ஆக, உங்கள் கேள்வி நானூறு வருஷம் பழையது.

மறுபாதி என்னவென்றால், அவருக்கு முன்னால் பெரிய மனிதர்கள் கொண்டாடியது சீனக் கிண்ணங்களை. ஃபூஜியன் பக்கம் சுட்ட கறுப்புத் தென்மொக்கு, உள்ளே எண்ணெய்த்துளி மாதிரி மின்னும். கோணலே இல்லாத கச்சிதம். ரிக்யூ அதை ஒதுக்கிவிட்டு, ஓடு செய்கிறவரைக் கூப்பிட்டு, தன் ஊர் மண்ணில் புதிதாகச் செய்யச் சொன்னார். அன்றைக்கு அந்தக் கிண்ணத்துக்கு 'இமா-யாகி' என்று பெயர், "இப்போது சுட்டது" என்று அர்த்தம். பழம்பொருள் இல்லை, வம்சம் இல்லை, பெட்டி இல்லை. இன்று அதற்கே பெட்டிக்குள் பெட்டி வைத்துப் பூட்டுகிறோம் என்பது ரிக்யூவின் குற்றமா?

'வாபி'யைப் பற்றி இன்னொரு விஷயம். முராத்தா ஜுக்கோ (1423–1502), ரிக்யூவுக்கு இரண்டு தலைமுறை மூத்தவர், சீடர் ஒருவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தேநீரில் இப்போதுதான் காலெடுத்து வைத்தவர்கள் பிஸென், ஷிகராக்கி மாதிரி முரட்டு மண் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு, தாங்கள் குளிர்ந்து உலர்ந்த நிலைக்கு, அதாவது முதிர்ந்த ரசனைக்கு, வந்துவிட்டதாகக் காட்டிக்கொள்வது சொல்ல வாயில்லாத அபத்தம் என்று கடிந்திருக்கிறார். நல்ல சாமானை முதலில் பார்த்து, அதன் சுவை தெரிந்து, அதற்கப்புறம் அங்கே வந்து சேர வேண்டும் என்பது அவர் கட்சி. "குறைதான் அழகு" என்று சட்டைமேல் அச்சடித்து விற்கிறவர்கள் ஜுக்கோ கையில் மாட்டியிருக்க வேண்டும்.

வெந்நீர் (நெறியாளர்) எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. கணக்குப்பிள்ளையும் கமோவும் இதே மரியாதையோடு தொடரட்டும். :)

சூளைப்புகை எழுதியது:

அக்கா சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த முறை மரத்தூள் டப்பாவை மூடும்போது சோஜிரோவிடம் மன்னிப்புக் கேட்பேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். ஹாகி எங்கிருந்து வந்தது? 1592-க்கும் 1598-க்கும் இடையில் ஹிதேயோஷி கொரியாமேல் இரண்டுமுறை படையெடுத்தான். திரும்பும்போது தளபதிகள் குயவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஹாகியில் மோரி பிரபுவுக்காகச் சூளை வைத்தது அப்படி வந்த இரண்டு சகோதரர்கள். கராட்சு சூளைகளும் கொரியக் குயவர் கையால் வளர்ந்தவைதான். தேநீர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் "குயவர்கள் வந்தார்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். வந்தார்களா, கொண்டுவரப்பட்டார்களா? ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பத்தில் பிறந்தவனுக்கு அந்த வினைச்சொல் உறுத்தும்.

கமோ நதிக்கரை எழுதியது:

உண்மை. "கொண்டுவரப்பட்டார்கள்" என்றே நானும் இனி எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு ஒரு கணக்கு. ஜப்பானில் தேசியப் பொக்கிஷம் என்று அறிவிக்கப்பட்ட தேநீர்க் கிண்ணங்கள் மொத்தம் எட்டு. அவற்றில் ஜப்பானில் செய்தவை எத்தனை என்று நினைக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

கேட்கிற தோரணையைப் பார்த்தால் எட்டு இல்லை. ஆறு?

கமோ நதிக்கரை எழுதியது:

இரண்டு. மினோவில் சுட்ட 'ஊனோஹனகாக்கி' என்ற ஷினோ (தடித்த வெள்ளைக் கிளேஸ் வகை) கிண்ணம் ஒன்று. ஹொன்அமி கோஎட்சு (1558–1637) செய்த 'ஃபுஜி மலை' இன்னொன்று. அவர் தொழில்முறைக் குயவரே இல்லை, வாள் தீட்டி மதிப்பிடும் குடும்பத்துக்காரர். ராக்கு வீட்டில் மண் வாங்கி, அங்கேயே சுட்டுக்கொண்டார். கிண்ணத்தின் மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி கரிந்த சாம்பல், பனி மூடிய மலை மாதிரி.

மிச்சம் ஆறில் ஐந்து சீனா. ஒன்று கொரியா. அந்தக் கொரியக் கிண்ணம்தான் 'கிசாஎமொன் இதோ' ('இதோ' என்பது ஒரு கொரியக் கிண்ண வகையின் பெயர்). தைதொகு-ஜி வளாகத்தில் கொஹோ-ஆன் என்ற சின்னக் கோயிலில் இருக்கிறது. பலாப்பழச் சுளை வெளிறின மாதிரி ஒரு மஞ்சள் (ஜப்பானியர் லொக்காட் பழ நிறம் என்பார்கள்). அடிவளையத்தைச் சுற்றிக் கிளேஸ் சுருண்டு திரண்டு முத்து முத்தாக நிற்கிறது. பாலில் ஆடை சுருண்ட மாதிரி. சுடும்போது நேர்ந்த கோளாறு அது. தேநீர்க்காரர்கள் கிண்ணத்தைக் கவிழ்த்ததும் முதலில் தேடுவது அதைத்தான்.

அதற்கு ஒரு பொல்லாத பெயரும் உண்டு. வைத்திருக்கிறவருக்குக் கட்டி வருமாம். ஒருவர் சொத்தெல்லாம் இழந்தும் கிண்ணத்தை விடாமல் கட்டி வந்து செத்தார் என்று கதை. பிறகு மட்சுயே பிரபு மட்சுதைரா ஃபுமாய் (1751–1818) வாங்கினார், அவருக்கும் கட்டி. வீட்டம்மா விற்றுவிடச் சொல்லியும் கேட்கவில்லை. அவர் போன பிறகு குடும்பமே "சாமி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கோயிலுக்குக் கொடுத்துவிட்டது.

சூளைப்புகை எழுதியது:

இதைப் பற்றி ஜப்பானிய நாட்டுப்புறக் கைவினைச் சிந்தனையாளர் யானகி சோஎட்சு எழுதியது தெரியும். 1931-இல் அதைப் பார்த்துவிட்டு, இது கொரிய ஏழையின் சோற்றுக் கிண்ணம், செய்தவனுக்கு அழகைப் பற்றிய நினைப்பே இல்லை, அதனால்தான் இவ்வளவு அழகு என்றார். படித்த காலத்தில் சொக்கிப்போனேன். இப்போது மண்ணில் கை வைத்தபின் நம்ப முடியவில்லை. அந்த அடிவளையத்தைச் சீவியிருக்கிற வேகத்தைப் பாருங்கள், மூங்கில் கணு மாதிரி நடுவில் ஒரு மடிப்பு. நினைப்பில்லாமல் அது வராது. ஆயிரம் கிண்ணம் செய்த கை நினைப்பைக் காட்டிக்கொள்ளாது, அது வேறு விஷயம்.

கமோ நதிக்கரை எழுதியது:

சோற்றுக் கிண்ணம்தானா என்பதிலேயே இப்போது ஆய்வாளர்களிடம் கருத்து வேறுபாடு. சடங்குப் பாத்திரமாக இருக்கலாம் என்கிற கட்சியும் உண்டு. யானகிக்கு அது ஏழையுடையதாக இருந்தே ஆக வேண்டும், அவர் வாதத்துக்கு அது தேவை. நான் உங்கள் பக்கம்தான் அண்ணா.

ஒட்டுக்காரன் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உடைந்த கிண்ணத்தைத் தங்கத்தால் ஒட்டுகிற 'கின்ட்சுகி' பற்றி யாரும் பேசவில்லையே? நான் பழகிக்கொண்டிருக்கிறேன். தமிழில் அதை "அரக்கு வைத்து ஒட்டுவது" என்று எழுதுகிறார்கள், தப்பு. அரக்கு பூச்சியிடமிருந்து வருவது. இது 'உருஷி', மரத்தைக் கீறி எடுக்கிற பால். தங்கம் எதையும் ஒட்டாது, அது கடைசியில் தூவுகிற பொடி. ஒட்டுவது மரப்பால்தான்.

கோதுமை மாவும் உருஷியும் சேர்த்துப் பிசுக்குப் பிசுக்கென்று குழைத்து உடைந்த ஓரத்தில் தடவி ஒட்ட வேண்டும். வெயிலில் வைத்தால் காயாது. அது ஈரத்தில்தான் இறுகும். அட்டைப்பெட்டிக்குள் ஈரத்துணி போட்டு உள்ளே வைத்து மூட வேண்டும். ஒட்டுக்கே ஓரிரண்டு வாரம், பிறகு பள்ளம் நிரப்ப, தேய்க்க, கோடு இழுக்க, பொடி தூவ. என் முதல் கிண்ணத்துக்கு மூன்று மாதம்.

இந்த மரம் மாமரத்தின் உறவு. முந்திரி, சேங்கொட்டை எல்லாம் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு வாய் புண்ணாகியிருக்கிறதா? அதே சங்கதி, பத்து மடங்கு. நான் கையுறை போட்டேன், மணிக்கட்டை மறந்துவிட்டேன். பத்து நாள் கொப்புளம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "மாம்பழம் ஒத்துக்கொள்ளுமா?" இறுகிக் காய்ந்தபின் ஒன்றும் செய்யாது, தாராளமாகக் குடிக்கலாம். கடையில் விற்கிற எபாக்சி, பித்தளைப் பொடி பெட்டிகளில் செய்ததை மட்டும் அலமாரியில் வையுங்கள், வாயில் வைக்காதீர்கள்.

கமோ நதிக்கரை எழுதியது:

ஒட்டுக்காரரே, இதோடு சேர்த்து ஒன்று. ஷோகுன் (படைத்தலைவராக நாட்டை ஆண்டவர்) அஷிகாகா யோஷிமாசா விரிசல் விட்ட சீனக் கிண்ணத்தைச் சீனாவுக்கு அனுப்பி மாற்றுக் கேட்டதாகவும், அது கிடைக்காமல் இரும்புப் பிடி அடித்துத் திருப்பி அனுப்பினார்கள், அந்த அவலட்சணம் பொறுக்காமல்தான் கின்ட்சுகி பிறந்தது என்றும் இணையம் முழுக்கக் கதை ஓடுகிறது. கிண்ணம் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளிர் பச்சை, பிடிகள் வெட்டுக்கிளி உட்கார்ந்த மாதிரி, பெயரே அதை வைத்துத்தான். ஆனால் கதையின் பின்பாதி இட்டுக்கட்டு. அந்தப் பிடியைக் கொண்டாடித்தான் பெயர் வைத்தார்கள், அவலட்சணம் என்று யாரும் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம், இந்த முறை நிஜமான சந்தேகம். விலை கேட்கவில்லை. ரிக்யூவின் கிண்ணம் அமைதி. அப்புறம் எப்படி ஒரேயடியாக நசுங்கிய செருப்பு மாதிரிக் கிண்ணங்கள் வந்தன? நேற்று படம் பார்த்தேன்.

கமோ நதிக்கரை எழுதியது:

மாட்டினீர்கள் ஐயா, படமெல்லாம் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள்!

செருப்பு வடிவம் என்றே அதற்குப் பெயர். ரிக்யூவின் சீடர் ஃபுருத்தா ஒரிபேயின் ரசனை. 1599-இல் ஹக்காத்தா வணிகர் ஒருவர் ஒரிபே வீட்டு விருந்துக்குப் போய்விட்டு வந்து, கிண்ணம் கோணிக் கிடக்கிறது, வேடிக்கைச் சாமான் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். என் ரசனைக்கு ஒரிபே சற்றுக் கூச்சல். சக்கரத்தில் வட்டமாக எடுத்ததை வேண்டுமென்றே அமுக்கியது அது. தம்பியின் மனைவி கேட்ட "வேண்டுமென்றேயா" என்ற கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் சொல்ல வேண்டிய கிண்ணம் அதுதான். அவரும் 1615-இல் வயிற்றைக் கிழித்துக்கொள்ள ஆணை பெற்றுத்தான் செத்தார். தேநீர் ஆசான் வேலை அவ்வளவு பாதுகாப்பானதாக இல்லை.

கோணல்மாணல் நாகோயாவில் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். ஷினோ, ஒரிபே வகைக் கிண்ணங்கள் செத்தோ என்ற ஊரில் செய்தவை என்றுதான் முன்பு எல்லோரும் நம்பினார்கள். 1930-இல் அரக்காவா தொயோசோ என்ற குயவர் நாகோயாவில் மூங்கில் குருத்துப் படம் போட்ட ஷினோ கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த மண் செத்தோ மண் மாதிரி இல்லையே என்று சந்தேகம். சில நாளில் மினோ மலைப்பக்கம் போய்ப் பாழடைந்த சூளையில் கிளறினார். அதே மூங்கில் குருத்துப் போட்ட ஓட்டுச் சில்லு கிடைத்தது. ஒரு சில்லு மொத்த வரலாற்றையும் இடம் மாற்றிவிட்டது. நாகோயாவிலிருந்து மினோ பக்கத்துத் தஜிமி ரயிலில் நாற்பது நிமிஷம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள்.

கோணல்மாணல் எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும். மூன்று கொதி முடிந்தது. முதல் கொதிக்குப் பிறகும் ஒழுகியது, இரண்டாவதில் குறைந்தது. நேற்று மூன்றாவது காய்ந்து, ஊறவைத்து, மாச்சா கலக்கி, அடியில் வெள்ளைத் துணி போட்டு ஒரு மணி நேரம் வைத்தேன். துணி காய்ந்தே இருந்தது. உள்பக்கம் ஒரு ஓரத்தில் மட்டும் வலைக்கோடு லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. முதல் நாள் நான் மிச்சம் வைத்துத் தூங்கினேனே, அந்தத் தேநீர்தான் போலிருக்கிறது.

அக்கா சொன்ன விரல், உதடு கணக்கை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைத் தடவிப் பார்த்தேன். தாழ்ந்திருக்கிற பக்கத்துக்கு நேர் கீழே கட்டைவிரல் அமர்கிற மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. கடையில் கீழே வைக்க மனசு வராததற்கு அதுதான் காரணமோ?

கமோ நதிக்கரை எழுதியது:

அப்படியே இருக்கலாம். கிண்ணத்தைக் கவிழ்த்து அடிவளையத்தையும் பாருங்கள். ஒரு இடத்தில் வெட்டு இருக்கிறதா? ஹாகியில் பல கிண்ணங்களில் இருக்கும். பிரபுவுக்குச் செய்ததைச் சாதாரணச் சனங்களுக்கு விற்கக் கூடாது என்பதால் வேண்டுமென்றே வெட்டிப் பழுதாக்கினார்கள் என்று கடைக்காரர்கள் கதை சொல்வார்கள். ஆனால் பழைய கொரியக் கிண்ணங்களிலும் அதே வெட்டு உண்டு, அதனால் அந்தக் கதையைப் பாதி விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

கோணல்மாணல் எழுதியது:

இருக்கிறது அக்கா! நக அகலத்துக்கு ஒரு வெட்டு. மனைவியிடம் காட்டினேன். அவள் அதை வாங்கிவந்த அன்றே பார்த்திருக்கிறாள். அடிவளையம் உடைந்த சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்து, திருப்பிக் கொடுக்க வசதியாகக் கடை ரசீதைப் பத்திரமாகக் குளிர்பெட்டி மேல் காந்தத்தில் மாட்டி வைத்திருக்கிறாள். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.